இரவு 11 மணி ஸ்கிரிப்டுக்குப் பாஸ்வேர்டு எதற்கு? ஒரு சாவி போதும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய பில் கணக்கைத் தினமும் இரவு 11 மணிக்கு வெளியூர் சர்வருக்கு அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். கையால் ஓட்டினால் ஓடியது. கிரானில் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் வசதி) போட்டதும் லாக்கில் 'பர்மிஷன் டினைட்', அதாவது சர்வர் நுழைய விடவில்லை. பாஸ்வேர்டு அடிக்க அந்த நேரத்தில் பட்டறையில் யார் இருப்பார்கள்?

எக்கோ, பைப் என்று ஸ்கிரிப்டே பாஸ்வேர்டை ஊட்ட முயன்றால் பலிக்காது. ஸ்கிரிப்ட் சர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் (SSH) பாஸ்வேர்டை நேராக டெர்மினலில்தான் வாங்கும். 'எஸ்எஸ்எச்பாஸ்' என்ற கருவி அதைச் சமாளிக்கும். ஆனால் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதினால் அந்த ஃபைலைத் திறக்கும் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. சர்வர் பாஸ்வேர்டை மட்டுமே ஏற்கும் என்றால், அதைத் தனி ஃபைலில் வைத்து, 600 பர்மிஷன் (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத முடியும்) கொடுத்து, அந்த ஃபைலை எஸ்எஸ்எச்பாஸுக்குக் காட்டுங்கள். மற்றபடி பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய விடும் சாவி ஃபைல்தான் சரி.

முதலில் பட்டறைக் கம்ப்யூட்டரில் 'எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519' (டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: ssh-keygen -t ed25519). ஃபைல் எங்கே என்று கேட்டால் என்டர். பாஸ்ஃப்ரேஸ் (சாவிக்கே போடும் பாஸ்வேர்டு) கேட்டால் இரண்டு முறை வெறும் என்டர், ஏனென்றால் கிரான் எதையும் அடிக்காது. இரண்டு ஃபைல்கள் வரும். '.பப்' என்று முடிவது பூட்டு, சர்வருக்குப் போகும். மற்றது சாவி, அது இந்தக் கம்ப்யூட்டரை விட்டு நகரவே கூடாது.

அப்புறம் பூட்டைச் சர்வரில் வைக்க 'எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி' (ssh-copy-id), பக்கத்தில் யூசர் பெயரும் சர்வர் முகவரியும், நடுவில் @ வைத்து. பாஸ்வேர்டு கடைசியாக ஒரு முறை கேட்கும்.

இப்போது சோதனை. எஸ்எஸ்எச்சுக்கு '-ஓ பேட்ச்மோட்=எஸ்' (-o BatchMode=yes) சேர்த்து ஓட்டுங்கள். இந்த ஆப்ஷன் இருந்தால் அது பாஸ்வேர்டு கேட்காது. சாவி செல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். ஸ்கிரிப்டிலும் இதையே வையுங்கள்.

சாவி இருந்தும் நுழைய விடவில்லையா? நான் அரை நாள் அலைந்தது இங்கேதான். சர்வரில் '.எஸ்எஸ்எச்' (.ssh) ஃபோல்டருக்கு 700 (உரிமையாளர் மட்டும் நுழைய முடியும்), உள்ளே பூட்டுகள் இருக்கும் 'ஆத்தரைஸ்டு_கீஸ்' (authorized_keys) ஃபைலுக்கு 600 இருக்க வேண்டும். ஹோம் ஃபோல்டரில் மற்றவர்கள் எழுத முடிந்தாலும் சர்வர் சாவியை ஏற்காது. இன்னொன்று: சாவியை உருவாக்கிய யூசரின் பெயரிலேயே கிரானும் ஓட வேண்டும். ரூட் (கம்ப்யூட்டரின் நிர்வாகி யூசர்) பெயரில் ஓடினால் உங்கள் சாவியை அது தேடவே தேடாது.

நாளை அந்தக் கம்ப்யூட்டர் திருடு போனால், சர்வரின் 'ஆத்தரைஸ்டு_கீஸ்' ஃபைலில் அதன் பூட்டு இருக்கும் ஒரு வரியை அழித்துவிடுங்கள். அதற்காகவே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி செய்யுங்கள்.