காம்ப்ளெக்ஸ் ஆஸிலேட்டரில் மணியோசை: சுருதி விலகாத எஃப்.எம். பேட்ச்

மாடுலர் சிந்தசைசரில் ஒலி அலையை உருவாக்கும் இரண்டு ஆஸிலேட்டர், அலையை மடித்து ஒலியைச் செறிவாக்கும் ஒரு வேவ்ஃபோல்டர், முதலாவதன் அதிர்வெண்ணை இரண்டாவது ஆட்டிவைக்க (இதுதான் எஃப்.எம்., ஃப்ரீக்வென்ஸி மாடுலேஷன்) உள்ளுக்குள்ளேயே ஓர் இணைப்பு. காம்ப்ளெக்ஸ் ஆஸிலேட்டர் என்பது இவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் டான் புக்லா 1970-களில் செய்த 259 மாடலில் இருந்து வந்த அமைப்பு இது. மேக் நாய்ஸ் டி.பி.ஓ., வெர்போஸ் என்று யூரோராக்கில் (இன்றைய மாடுலர் சிந்த் வடிவம்) எதை எடுத்தாலும் அடிப்படை அதுவே. கையில் வன்பொருள் இல்லையென்றால் வி.சி.வி. ராக் என்ற கணினி மென்பொருளின் இலவசப் பதிப்பில் இரண்டு வி.சி.ஓ. (ஆஸிலேட்டர் மாட்யூல்) போட்டு இந்த மணியோசை பேட்சை, அதாவது கேபிள் இணைப்பு அமைப்பை, செய்யலாம். பணம் போடுவதற்கு முன் அதில் பழகிக்கொள்வது நல்லது.

கேபிள் மாட்டவும் என்வெலப்பைத் திருப்பவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

படி 1: எல்லாம் பூஜ்யம்

அனலாக் என்றால் அரை மணி நேரம் சூடாக விடுங்கள். எஃப்.எம். அளவு, ஃபோல்ட், சிமெட்ரி மூன்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். முதல் ஆஸிலேட்டரின் சைன் அவுட்டை லோ பாஸ் கேட் (ஒலியளவையும் உயர் அதிர்வெண்களையும் சேர்த்துத் திறந்து மூடும் மாட்யூல்) வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புங்கள்.

படி 2: சுருதி சேர்த்தல்

முதல் ஆஸிலேட்டர், அதாவது கேரியர், 220 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். சுருதிப் பெட்டி செயலியில் ஆறு கட்டை வைத்து ஒத்துப் பார்த்தாலும் சரி. எஃப்.எம். ஏறிய பிறகு எந்த ட்யூனர் செயலியும் சரியான எண்ணைக் காட்டாது. ட்யூனிங் முழுவதையும் சுத்தமான சைனில் இப்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்து மாடுலேட்டரை, அதாவது கேரியரை ஆட்டும் இரண்டாவது ஆஸிலேட்டரை, 311 ஹெர்ட்ஸில் வையுங்கள். விகிதம் 1:1.414. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எஃப்.எம். செய்யும்போது கேரியரோடு மாடுலேட்டரைக் கூட்டியும் கழித்தும் வரும் அதிர்வெண்களில் புதிய ஒலிகள் முளைக்கும்: 220+311 = 531, 220−311 = −91 (காதுக்கு 91), அடுத்த சுற்றில் 842, 402. எதுவும் 220-இன் மடங்கு இல்லை. உலோகத்தைத் தட்டியது போன்ற ஓசை அதனால்தான். மாடுலேட்டரை 440-இல் வைத்தால் 220, 660, 1100 என்று ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் வந்து கிளாரினெட் வாடை அடிக்கும்.

சீக்வென்சரின் (ஸ்வரங்களை வரிசையாக அனுப்பும் கருவி) வோல்ட்/ஆக்டேவ் சிக்னல் (ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஆக்டேவ் ஏறும்) இரண்டு ஆஸிலேட்டருக்கும் போக வேண்டும். இல்லையென்றால் ஸ்வரம் மாறும்போது விகிதம் குலையும். இங்கே ஒரு சிக்னலைப் பிரிக்கும் சாதாரண மல்டிபிள் வேண்டாம், வோல்டேஜ் குறையாமல் பிரிக்கும் பஃபர்டு மல்டிபிள் வாங்குங்கள். கணக்கு எளிது: சீக்வென்சரின் அவுட்புட் மின்தடை 1 கிலோ ஓம், ஒவ்வொரு ஆஸிலேட்டரின் இன்புட்டும் 100 கிலோ ஓம் என்றால், இரண்டை மாட்டும்போது ஏறத்தாழ 2% வோல்டேஜ் போய்விடும். ஒரு ஆக்டேவுக்கு 23 சென்ட் இழப்பு (ஒரு செமிட்டோன் 100 சென்ட்), செமிட்டோனில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இழப்பை உள்ளேயே சரிக்கட்டும் சீக்வென்சர்களும் உண்டு. உங்களுடையது அந்த வகையா என்று முதலில் பாருங்கள்.

படி 3: லீனியரா, எக்ஸ்பொனென்ஷியலா?

பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எஃப்.எம். நாபைத் திருப்பத் திருப்பச் சுருதியும் சேர்ந்து ஏறுகிறது. ஆஸிலேட்டர் பழுதில்லை, கேபிள் எக்ஸ்பொனென்ஷியல் இன்புட்டில் இருக்கிறது.

அந்த இன்புட்டில் 220 ஹெர்ட்ஸை ±1 வோல்ட் ஸ்கொயர் அலையால் ஆட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனால் 440, கீழே வந்தால் 110. சராசரி 220 அல்ல, 275. அதாவது 5/4. ஸட்ஜத்தில் வைத்த சுருதி அந்தர காந்தாரத்தில் போய் உட்கார்ந்துவிடும். லீனியரில் கணக்கு கூட்டல் கழித்தல் மட்டுமே: மேலும் கீழும் 100 ஹெர்ட்ஸ் ஆட்டினால் 320, 120, சராசரி 220. மெட்டு வாசிக்க வேண்டுமா, லீனியர்தான். எக்ஸ்பொனென்ஷியலை டிரம் சத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லீனியரிலும் இரண்டு சிக்கல். மாடுலேட்டர் அலையில் டி.சி. (மாறாத வோல்டேஜ்) கலந்திருந்து, இன்புட்டும் அதைத் தடுக்காத டி.சி. கப்லிங் வகையாக இருந்தால் சுருதி நகரும். 1 மைக்ரோஃபேரட் நான்-போலார் கெபாசிட்டர் ஒன்றைக் கேபிளின் நடுவே சேர்த்தால் தீர்ந்தது. 100 கிலோ ஓம் இன்புட்டில் அது 1.6 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதைத் தடுத்துவிடும்.

இரண்டாவது, ஆழம். த்ரூ-ஸீரோ வசதி (பூஜ்யத்தைத் தாண்டி எதிர்த் திசையிலும் ஓடுவது) இல்லாத ஆஸிலேட்டர் பூஜ்யத்தைத் தொட்டதும் நின்றுவிடும். 220 ஹெர்ட்ஸை 220-ஐவிட அதிகமாகக் கீழே இழுக்க முடியாது. 311 மாடுலேட்டரோடு மாடுலேஷன் இண்டெக்ஸ், அதாவது அதிர்வெண் விலகலை மாடுலேட்டர் அதிர்வெண்ணால் வகுத்த எண், 0.7-இல் முட்டிக்கொள்ளும் (220 ÷ 311). அதற்கு மேல் திருப்பினால் சுருதி மறுபடி ஏறும். மணிக்கு இன்னும் பளபளப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள் த்ரூ-ஸீரோ மாடலுக்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

படி 4: தட்டும் கணம்

மணியைத் தட்டியதும் பளிச்சென்ற உலோகச் சத்தம் முதலில் அடங்கும், அடிநாதம் பிறகும் ஓடும். ஆகவே இரண்டு என்வெலப் வேண்டும். எஃப்.எம். அளவுக்கு: அட்டாக் 1 மில்லி செகண்ட், டிகே 300. ஒலியளவுக்கு: டிகே 2 செகண்ட். முதல் என்வெலப் எஃப்.எம். அளவை முழுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரக் கூடாது, கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். இல்லையென்றால் வால் பகுதி வெறும் சைனாகி உயிரில்லாமல் போகும்.

என்வெலப் இல்லாமல் வாக்ட்ரோல் லோ பாஸ் கேட்டை நேரடியாக ட்ரிகரால் (சிறு மின்துடிப்பு) தட்டுபவர்கள் கவனிக்க: உள்ளே இருப்பது எல்.இ.டி.யும் ஒளிக்கு மாறும் மின்தடையும். 1 மில்லி செகண்ட் ட்ரிகர் அதை எழுப்பப் போதாமல் தட்டல் சோகையாக வரும். 10 மில்லி செகண்ட் கொடுங்கள். கேட் சீக்கிரம் மூடிக்கொள்ளும் என்பதால் எஃப்.எம். டிகேயை 100 அளவுக்குக் குறைக்க வேண்டும்.

படி 5: ஃபோல்டரைத் தொடலாமா?

இந்த பேட்சில் வேண்டாம் என்பேன். எஃப்.எம். ஏற்கெனவே கொட்டிய அதிர்வெண்களை மடித்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து இரைச்சல்தான் மிஞ்சும். ஃபோல்டரின் அருமை தெரிய எஃப்.எம்.மை மூடிவிட்டு வெறும் சைனை அனுப்புங்கள். சிமெட்ரி நடுவில் இருக்கும்போது ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் வரும். நாபைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இரட்டைப்படையும் சேர்ந்து ஒலி கனக்கும். இந்த நாபை மெதுவான எல்.எஃப்.ஓ.வால் (குறைந்த அதிர்வெண் ஆஸிலேட்டர்) ஆட்டும்போது அவுட்டில் டி.சி. சேரலாம். கேட் திறக்கும்போது 'டப்' என்று கேட்டால் காரணம் அதுதான். படி 3-இல் சொன்ன கெபாசிட்டர் கேபிளை அங்கேயும் மாட்டுங்கள்.