வன்னியிலிருந்து சனியின் வளையம் பார்ப்பது எப்படி?

வன்னி இருட்டைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். சனிக்கு அந்த இருட்டு தேவையே இல்லை. வவுனியா நகருக்குள் நின்றாலும் பளிச்சென்று தெரியும். வேண்டியது அசையாத காற்று.

1. காலம்

சோளகம் வீசும்போது வானம் வெளித்திருக்கும், ஆனால் தொலைகாட்டி ஆடும். நவம்பரில் மாரி வந்துவிடும். இடைப்பட்ட செப்டெம்பர், ஒக்டோபர் இரவுகளில் காற்று விழும்போது பாருங்கள். 2026 ஒக்டோபர் 4 அளவில் சனி சூரியனுக்கு நேரெதிரே வருகிறது. பொழுதுபட்டதும் கிழக்கில் எழும்பும். பஞ்சாங்கம் மீன ராசி என்கிறது. வானத்திலும் அந்தப் பக்கம்தான். மின்னாமல் நிற்கும் மஞ்சள் புள்ளியைத் தேடுங்கள். (ஏழரைச் சனி நடப்பவர்களும் தாராளமாகப் பார்க்கலாம்.)

நடுச்சாமத்தில் அது தலைக்கு மேலே வந்துவிடும். டொப்சோனியன் தொலைகாட்டியை (தரையில் சுழலும் பெட்டித் தாங்கியில் நிற்பது) அந்த உச்சியில் திருப்புவது பெரும்பாடு. ஒன்பது, பத்து மணி சுகம்.

2. இடம்

தகரக் கூரையும் தார் றோட்டும் பகல் சூட்டை இரவில் கக்கும். புல்தரை நல்லது. குளக்கட்டும் நல்லதுதான், யானை வருமா என்று ஊராரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

3. ஆறவிடுதல்

ஆறு அங்குல ஆடியுள்ள தொலைகாட்டியை அரை மணி நேரமாவது வெளியில் வையுங்கள். ஆடியின் சூடு ஆறாவிட்டால் படம் நெளியும்.

4. பார்ப்பது

குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர் என்றால், 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு (கண் வைக்கும் வில்லை) 48 மடங்கு தரும். வளையம் அதிலேயே தெரியும். அப்புறம் 10 மில்லிமீற்றர், 120 மடங்கு. இப்போது கோளின் விளிம்பு, வாய்க்கால் நீருக்கடியில் கிடக்கும் கல்லைப் போல நெளியும். கண்ணை எடுக்காதீர்கள். ஓரிரு விநாடி நெளிவு நிற்கும். அப்போது கோளின் இருபுறமும் காதுபோல நீளும் வளையத்தில் மயிரிழைக் கருங்கோடு தெரிந்தால், அதுதான் 1675இல் வானியலாளர் கசினி கண்ட இடைவெளி. உண்மையில் சுமார் 4,800 கிலோமீற்றர் அகலம். 2025 மார்ச்சில் வளையம் விளிம்பை மட்டும் காட்டியது, இப்போதுதான் விரிகிறது. அகல விரிய 2032 ஆகும். ஆகவே கோடு தெரியவில்லை என்று தொலைகாட்டியைத் திட்டாதீர்கள்.

5. முகில்

சனியின் முகிற்பட்டைகள் மங்கல். நடுக்கோட்டை ஒட்டி ஒரு வெளிறிய பட்டை தெரிந்தாலே பெரிய காரியம். முகில் பார்க்க ஆசை என்றால் வியாழனுக்குப் போங்கள். 2027 பெப்ரவரியில் மாரி விட்ட வானத்தில் அது இரவு முழுக்க நிற்கும். இரண்டு கபிலப் பட்டைகள் முதல் பார்வையிலேயே தெரியும். தாளில் வட்டம் கீறி, பட்டைகளையும், நம் பக்கம் இருந்தால் பெரிய செம்புள்ளி என்னும் புயலையும் பென்சிலால் குறித்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு முறை சுழல்வதால், ஒரு மணி நேரம் கழித்துக் கீறும் படத்தில் புள்ளி இடம் மாறியிருக்கும்.