அபூர்வ நோய் என்று சந்தேகமா? யாரிடம் போவது

என் தம்பிக்கு வில்சன் நோய். சாப்பாட்டில் வரும் தாமிரம் வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் சேர்ந்துவிடும். காமாலைக்கு கேஸ்ட்ரோ, கைநடுக்கத்துக்கு நியூரோ, திடீர்க் கோபத்துக்கு மனநல டாக்டர் என்று பார்த்தோம். அவரவர் பகுதியை அவரவர் ஒழுங்காகத்தான் பார்த்தார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. அந்த ஆளைத் தேடுவதுதான் வேலை.

முதலில் ஒரே தாளில், எந்த வருடம் என்ன வந்தது என்று வரிசையாக எழுதுங்கள். கையெழுத்து சிறுத்தது, பேச்சு குழறியது, படிப்பில் பின்தங்கியது எல்லாம் அதில் வரட்டும். அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா, சின்ன வயதில் யாராவது ஈரல் நோயால் இறந்தார்களா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். டாக்டருக்கு அதுதான் பெரிய துப்பு. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியும் வேண்டும்.

அடுத்து, எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பொது மருத்துவரைப் பாருங்கள். "இதெல்லாம் ஒரே நோயாக இருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். கேள்வி பிடிக்காமல் முகம் சுளித்தால், சரி, வேறொருவரிடம் போகலாம்.

சில நேரம் விடை எதிர்பாராத துறையில் கிடைக்கும். வில்சனில் கண் டாக்டர் ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) வைத்துக் கருவிழி ஓரத்தில் தாமிர வளையம் தெரிகிறதா என்று பார்ப்பார். ஈரலில் மட்டும் நோய் இருந்தால் வளையம் இல்லாமலும் போகலாம். அதனால் ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினும் 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரமும் பார்க்க வேண்டும். லேப் கொடுக்கும் பாத்திரத்தில்தான் பிடிக்க வேண்டும். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, மறுநாள் காலைச் சிறுநீர் வரை ஒன்றுவிடாமல் சேர்க்க வேண்டும். வீட்டில் இதற்கு ஒருவர் காவல் இருந்தால் நல்லது.

சந்தேகம் வலுத்தால் மரபியல் துறை. வேலூர் சி.எம்.சி.யில் அப்படி ஒரு துறை இருக்கிறது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்பே, முடிவை உட்கார்ந்து விளக்குவது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2021 தேசிய அபூர்வ நோய்க் கொள்கைப்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. அதை அரசு அறிவித்த சிறப்பு மையம் வழியாகத்தான் கேட்க முடியும்.

நோய் உறுதியானால் கூடப்பிறந்தவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். வில்சனில் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறி வரும் முன்பே மருந்து தொடங்கினால் ஈரலையும் மூளையையும் காப்பாற்றிவிடலாம்.