மருந்தாய்வில் பலன் ஊதிப்போவது எங்கே? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. எம்.டி. படிப்பவர் தீசிஸ் செய்தாக வேண்டும். புது மருந்தையும் பழைய மருந்தையும் ஒப்பிடும் ஆய்வைப் பலரும் விரும்பி எடுக்கிறார்கள். பிசகு பெரும்பாலும் முதல் நாளே நுழைந்துவிடுகிறது.

ஓ.பி. சீட்டில் ஒற்றைப்படை எண் வந்தால் புது மருந்து, இரட்டைப்படை என்றால் பழையது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்தவருக்கு எது என்று டாக்டருக்கு முன்பே தெரிந்துவிடுகிறதே! புது மருந்தின் முறையில் ரொம்பத் தளர்ந்துபோன பெரியவர் வந்தால், ‘இவரை ஆய்வில் சேர்க்க வேண்டாம்’ என்று கை தானாகவே தயங்கும். கம்ப்யூட்டரில் குலுக்கல் போட்டாலும், அந்தப் பட்டியல் மேசைமேல் கிடந்தால் கதை அதேதான். எந்த மருந்து என்று எழுதி மூடிய கவரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களும் உண்டு.

1995இல் கென்னத் ஷூல்ஸ் குழுவினர் 250 ஆய்வுகளை அலசினார்கள். யாருக்கு எந்த மருந்து என்ற ஒதுக்கீட்டைச் சரியாக மறைக்காத ஆய்வுகளில், ஆட்ஸ் ரேஷியோ (இரு தரப்பின் வாய்ப்புகளை ஒப்பிடும் விகிதம்) கணக்கில், பலன் சராசரியாக 41% கூடுதலாகத் தெரிந்தது. 2012இல் வந்த பெரிய அலசலில் இது சுமார் 7% தான். ஆனாலும் அதில் ஒரு விஷயம் தெளிவானது: மரணம் போன்ற முடிவுகளில் சாய்வு (ஒரு பக்கமாகவே விழும் பிழை) குறைவு, வலி, சோர்வு என ஆளைப் பொறுத்து மாறுவதை அளக்கும்போதுதான் அதிகம்.

ஆகவே மருந்து கொடுத்தவரே பலனையும் அளக்கக் கூடாது. கனடாவில் நடந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் ஆய்வு ஒன்றில், அதே நோயாளிகளை இரு தரப்பு நரம்பியல் மருத்துவர்கள் பார்த்தார்கள். யாருக்கு என்ன சிகிச்சை என்று தெரிந்தவர்கள் கண்ணுக்குப் பலன் தெரிந்தது, தெரியாதவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. 1994இல் வெளிவந்த இந்த ஆய்வை தீசிஸ் தொடங்கும் எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன்.

அப்புறம், பாதியில் நின்றவர்கள். பண்ருட்டியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர், வயிற்றைப் புரட்டும் மாத்திரைக்காக மறுபடி வருவாரா? ஒவ்வொரு மருந்துக்கும் 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 30 பேருக்குக் குணம். புது மருந்தில் மட்டும் 10 பேர் குணமாகாமலே நின்றுவிட்டார்கள். அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினால் 40க்கு 30, அதாவது 75%. பழைய மருந்துக்கு 60%. நீக்காவிட்டால் இரண்டும் 60% தான். குலுக்கலில் விழுந்த பக்கத்திலேயே எல்லோரையும் வைத்து எண்ணுங்கள்.

ஆட்களை இன்னும் சேர்த்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆகாது. தற்செயல் பிழை குறையும், சாய்வு அப்படியே நிற்கும். தப்பான விடை இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான்.

மருந்து பலிக்காத ஆய்வை வெளியிடாமல் அலமாரியில் பூட்டுவதும் இதே ரகம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்தாய்வுகளில் சாதகமானவை 38. அவற்றில் 37 அச்சேறின. மற்ற 36இல் 22 வெளியே வரவேயில்லை.

நம் நாட்டில் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. பதிவேடு 2007இலிருந்து இருக்கிறது, யாரும் பார்க்கலாம். முக்கியமாக எதை அளக்கப்போவதாக அங்கே எழுதினார்கள், கட்டுரையில் எதைப் பெரிதாகப் பேசுகிறார்கள் என்று ஒப்பிடுங்கள். பதிவுத் தேதியையும் பாருங்கள்: நோயாளிகளைச் சேர்த்து முடித்த பிறகு பதிந்திருந்தால், திட்டம் முதலில் என்னவாக இருந்தது என்று அந்தப் பக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது.