புரட்டாசி அமாவாசைக்கு நக்கோன் போகிறவர்களுக்கு

எங்கள் ஊர் தேவிபட்டினம். கடலுக்குள் நவபாஷாணம் நிற்கிற ஊரில் பிறந்தவனுக்கு அமாவாசைக் கூட்டம் புதிதில்லை. பாங்காக்கில் ஒரு கீழக்கரைக்காரரின் ரத்தினக்கல் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மகாளய அமாவாசை நெருங்க நெருங்க, அப்பாவுக்கு எங்கே போய்த் தண்ணீர் விடுவது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். எதிர் மேசையில் கல் பிரிக்கும் தாய்லாந்து அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்க ஊருக்கு வா, அங்கேயும் இதே நாள்தான்" என்றார். அப்படித்தான் நக்கோன் சி தம்மராட் எனக்குப் பழக்கமானது. நான்கு முறை போய்விட்டேன். ஊரில் யாராவது தாய்லாந்துக்கு டிக்கெட் போடுகிறேன் என்றால் இதைத்தான் சொல்வேன்.

முதலில் நாள். அவர்கள் கணக்கில் பத்தாம் மாதத்துத் தேய்பிறை பதினைந்து நாளும் முன்னோருக்கான திருவிழா. பெயர் 'சாட் டுவான் சிப்'. தேய்பிறை முதல் நாள் செத்துப்போனவர்கள் வீடு தேடி வருகிறார்கள், பதினைந்தாம் நாள் திரும்பிப் போகிறார்கள். நம் மகாளயபட்சம்தான். 2024-இல் இரண்டுமே அக்டோபர் 2-ஆம் தேதி முடிந்தன. ஒரு நாள் முன்னே பின்னே ஆவதும் உண்டு, அதனால் நம் பஞ்சாங்கத்தை மட்டும் நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். கடைசி மூன்று நாள்தான் முக்கியம்.

பாங்காக்கிலிருந்து தெற்கே 780 கிலோமீட்டர் இருக்கும். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நான் ரயிலில்தான் போவேன். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் பயணம் பாக்கி இருக்கும். ஊர்ப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: நகர, ஸ்ரீ, தர்மராஜ. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாதமாலிங்கம் என்ற நாடு இந்தப் பக்கம்தான் என்கிறார்கள்.

தேய்பிறை பதின்மூன்றாம் நாள் சந்தை நாள். அன்று 'ம்ரப்' கட்டுவதற்கான சாமான் வாங்க வேண்டும். ம்ரப் என்றால் முன்னோருக்கான சீர்க்கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் அரிசி. அதன் மேல் உப்பு, பூண்டு, வெங்காயம், மிளகாய், சர்க்கரை, புளி. அடுத்தது கருவாடு. ஆமாம், கருவாடுதான்! முதல் தடவை அந்த அக்கா அதை எடுத்து வைத்தபோது, அமாவாசையும் அதுவுமாக என்ன இது என்று எனக்குப் பகீரென்றது. மழைக்காலத்தில் பிக்குகளுக்குக் கெட்டுப்போகாத பண்டமாகக் கொடுப்பது வழக்கம் என்று விளக்கினார். அப்புறம் தேங்காய், வாழைப்பழம், கரும்பு, பூசணி, ஊசி நூல், வெற்றிலை பாக்கு. எல்லாவற்றுக்கும் மேலே பலகாரம். கூடை கட்டத் தெரியாவிட்டால் கட்டியே விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு தடவையாவது யார் வீட்டிலாவது உட்கார்ந்து கட்டிப் பாருங்கள்.

பலகாரம் ஐந்து வகை, ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. 'கனோம் போங்' பொரி மாதிரி லேசானது; செத்தவர் ஆற்றைக் கடக்கும் தெப்பம். 'கனோம் பா' விளையாட்டுக் காய், 'கனோம் கோங்' நகை, 'கனோம் டீ ஸம்' கைச்செலவுக்குக் காசு. 'கனோம் லா' உடுத்திக்கொள்ளத் துணி. அரிசிமாவைச் சர்க்கரைப் பாகில் கரைத்து, அடியில் பொடிப்பொடியாய்த் துளையிட்ட சிரட்டையில் ஊற்றி, எண்ணெய் தடவிய சட்டியின் மேல் சுற்றிச் சுற்றி வீசுவார்கள். இப்போது சிரட்டைக்குப் பதில் தகர டப்பாதான் அதிகம். நூல் நூலாக விழுந்து வலை மாதிரி வேகும். நம் கரையில் வலை பின்னுகிறவர்கள் பார்த்தால் கண் எடுக்க மாட்டார்கள். இன்னொரு காரணமும் சொல்வார்கள்: பிரேதத்துக்கு வாய் ஊசிக்காது அளவுதானாம், நூல் போல இருந்தால்தான் உள்ளே இறங்கும். அங்கேயும் பெயர் 'பிரேத்' தான்.

பதினான்காம் நாள் கூடையைக் கோயிலுக்குத் தூக்குகிறார்கள். பெரிய ஊர்வலம் வாட் பிரா மகாதாட் கோயிலுக்குப் போகும். வேடிக்கைக்கு அது போதும். காரியத்துக்குத் தெருக்கோடியில் இருக்கும் சின்னக் கோயில்தான் சரி. தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், கூட வரும் பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது. கால்களை மடக்கி உட்காருங்கள், புத்தர் சிலைப் பக்கம் நீட்டாதீர்கள்.

செத்தவர் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். நான் அப்பா பெயரைத் தமிழில்தான் எழுதினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிக்குகள் ஓதும்போது சிறு செம்பிலிருந்து கிண்ணத்தில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, நடுவே நிறுத்தாமல் விட வேண்டும். எள் கிடையாது, தர்ப்பை கிடையாது. அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றுகிறார்கள். எனக்குக் கை நடுங்கியது அங்கேதான்.

கடைசியில் 'சிங் பிரேத்', பிரேதப் பண்டத்தைப் பறிப்பது. மேடையில் பலகாரமெல்லாம் பரப்பி, ஒரு வெள்ளை நூலால் அதைப் பிக்குகளோடு இணைத்திருப்பார்கள். ஓதி முடித்து அந்த நூலைச் சுருட்டி எடுத்த பிறகுதான் கை வைக்கலாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஓதல் ஒரு நிமிஷம் நின்றதும் முடிந்துவிட்டது என்று ஒரு கனோம் லாவை எடுத்துவிட்டேன். கிழவிகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அக்கா என் கையில் ஒரு தட்டுத் தட்டி, திருப்பி வைக்க வைத்தார். நூல் போனதும் அதே கிழவிகள்தான் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்கள். சில கோயில்களில் மேடையை ஒற்றைக் கம்பத்தின் உச்சியில் கட்டி, கம்பத்தில் எண்ணெய் தடவிவிடுவார்கள். நம் வழுக்குமரமேதான். அப்படிப் பறித்ததைத் தின்பது அங்கே புண்ணியம். நம்மூரில் பிண்டத்தைக் கடலில் கரைத்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

நேரமிருந்தால் ஈசுவரன் கோயிலையும் பாருங்கள். 'ஹோ பிரா இசுவான்' என்பார்கள், பக்கத்திலேயே பெரிய ஊஞ்சல் கம்பம் நிற்கும். அந்த ஊஞ்சலோடு சேர்ந்த சடங்கு ஒன்று உண்டு; பாங்காக்கில் மார்கழி, தை வாக்கில் பிராமணர்கள் நடத்தும் அதற்குப் பெயர் 'த்ரியம்பவாய்'. நம் திருவெம்பாவைதான். உத்தரகோசமங்கையில் மாணிக்கவாசகரைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு, அந்தப் பெயரைத் தாய்க்காரர் வாயில் கேட்டபோது சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

திரும்பும்போது கனோம் லா இரண்டு பொட்டலம் வாங்கி வாருங்கள், சீக்கிரம் கெடாது. நான் கொண்டுவந்ததை அம்மா படையலுக்குப் பக்கத்தில் வைக்கவே விடவில்லை. "எந்த ஊர் மாவோ" என்றவர், மறுநாள் காலையில் ஒரு துண்டைக் கிள்ளி மதில்மேல் வைத்துவிட்டு, காக்கா வருகிறதா என்று திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.