புது ஸ்டவ் வாங்கும் முன் வீட்டு வயரைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் 1960களில் கட்டிய வரிசை வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. சுவருக்குப் பலமுறை பெயின்ட் அடித்திருக்கிறோம், உள்ளே ஓடும் வயரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. போன தீபாவளிக்கு நாலு பிளேட்டும் ஓவனும் உள்ள மின்சார ஸ்டவ்வுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்த பிறகுதான் எனக்கு அந்த நினைப்பே வந்தது. நீங்கள் முன்பணத்துக்கு முன்பே பாருங்கள். ஸ்குரூடிரைவரை எடுக்கவே வேண்டாம். கண், மூக்கு, ஒரு டார்ச் போதும்.

1. ஸ்டவ்வில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எவ்வளவு என்று பார்த்து, நம் வீட்டு மின்சாரத்தின் வோல்ட்டான 230ஆல் வகுங்கள். 6,900 வாட் என்றால் 30 ஆம்பியர். நம் சுவர் பிளக் தாங்குவது 16 ஆம்பியர், அதாவது 3,680 வாட். இரண்டு பிளேட் மேசை அடுப்பை அதில் போடலாம். பெரிய ஸ்டவ்வுக்குத் தனி வயர், தனி பிரேக்கர் (மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் தானே விழுந்து அணைக்கும் சுவிட்ச்).

2. வீட்டுப் பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் டிபி போர்டில் ‘ஸ்டவ்’ என்று எழுதிய பிரேக்கரின் எண்ணைப் பாருங்கள். எங்கள் வீட்டில் 32 என்று இருந்தது. அப்பாடா என்றிருந்தேன். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி, ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். “அக்கா, இது ஸ்டவ் வயரே இல்லை, பிளக் வயர்.” 2.5 சதுர மில்லிமீட்டர். எப்போதோ பிரேக்கர் அடிக்கடி விழுகிறதென்று யாரோ பெரியதாக மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். (வீட்டில் கேட்டால் யாருக்கும் தெரியாதாம்!) பிரேக்கர் காப்பாற்றுவது ஸ்டவ்வை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. மெல்லிய வயருக்குப் பெரிய பிரேக்கர் போட்டால் அது விழாது, வயர்தான் வெந்துபோகும். இந்த அளவு ஸ்டவ்வுக்குப் பொதுவாக 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுவார்கள். போர்டில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

3. அடுப்புப் பக்கத்துச் சுவரில் உள்ள ஐசொலேட்டர் சுவிட்சை, அதாவது ஸ்டவ்வுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, முகர்ந்து பாருங்கள். எங்களுடையதின் கீழ் ஓரம் டீக்கறை மாதிரி பழுப்பேறியிருந்தது. கருகிய வாடை, பழுப்பு, சூடு, கிர்ரென்ற சத்தம், எது இருந்தாலும் ஸ்டவ் பிரேக்கரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

4. போர்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்சின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது) டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழுந்தால் அந்தச் சுவிட்ச் வேலை செய்கிறது, அவ்வளவுதான். எர்த் வயர் சரியாக இருக்கிறதா என்பதை மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும்.

5. மொத்தத்தையும் கூட்டுங்கள். எங்கள் மெயின் 60 ஆம்பியர். ஸ்டவ் 30, கீசர் 13, கெட்டில் 9, இஸ்திரிப் பெட்டி 9 சேர்ந்தால் 61. தீபாவளி விடியலில் இந்த நாலும் ஒன்றாக ஓடும். இப்போது முறுக்குச் சுடும்போது கீசரை அணைத்துவிடுகிறோம்.

6. புது வயர் இழுப்பது பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. முடிந்ததும் சி.ஓ.சி. சான்றிதழ், அதாவது வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்று, தர வேண்டும். வீட்டை விற்கும்போதும் அதைக் கேட்பார்கள். அதோடு டெஸ்ட் ரிப்போர்ட்டும் இணைந்திருக்க வேண்டும். இரண்டும் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.