புல்வெட்டும் மெசினின் ஹைட்ரோலிக் கியர் மோட்டரைக் கழற்றிப் பூட்டுவது எப்படி

ரீல் (பிளேட்கள் பொருத்திய வெட்டும் உருளை) சுற்றுகிறது, ஆனால் புல் கொஞ்சம் அடர்த்தியாக வந்ததும் வேகம் விழுகிறது. இல்லாவிட்டால் மோட்டரின் ஷாப்ட் பக்கம் ஒயில் கசிந்து, போன வழியெல்லாம் புல் கருகிக் கோடு விழுகிறது. கொழும்பில் கிரிக்கெட் மைதானமோ கோல்ப் திடலோ ஹோட்டல் புல்தரையோ, ஹைட்ரோலிக் ரீல் மெசின் ஓடுகிற எந்த இடத்திலும் இந்த இரண்டும் பழகிப்போன தொல்லைகள். உடனே மோட்டரைக் கழற்றி சீல் கிட் (ஒயில் கசியாமல் அடைக்கும் வளையங்களின் தொகுப்பு) போடத்தான் கை போகும். பொறுங்கள். கியர் மோட்டர் (ஒயில் அழுத்தத்தில் உள்ளே இரண்டு கியர்கள் சுழன்று ரீலைச் சுற்றவைக்கும் மோட்டர்) தானாகக் கெடுவது குறைவு, வெளியே இருக்கிற ஏதோ ஒன்றுதான் அதைக் கெடுக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் போட்ட கிட் சீக்கிரமே மறுபடி கசியும்.

முதலில் ஒயிலைப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஒக்டோபர், நவம்பர் மழை, இடையிலே வேலை முடிந்ததும் பிரஷர் வோஷர் பிடித்து நேராக சீல் மேலேயே அடிக்கிற பழக்கம். இத்தனைக்கும் நடுவே டாங்கியின் மூடியும் பிரீதரும் (டாங்கிக்குக் காற்று போய்வரும் வழி) சரியாக இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். ஒயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் சூடு அதிகம், கூலரில் புல்தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது கேஸ் டிரெய்ன். ரீல் மோட்டரிலிருந்து டாங்கிக்குப் போகிற மெல்லிய ஹோஸ் அது. உள்ளே கசிகிற ஒயில் அந்த வழியாகத்தான் திரும்புகிறது. அது நசுங்கியோ அடைத்தோ இருந்தால் மோட்டரின் உள்ளே அழுத்தம் ஏறி ஷாப்ட் சீலை வெளியே தள்ளிவிடும். ஷாப்ட் சீல் திரும்பத் திரும்பப் போகிற மெசினில் நான் முதலில் சந்தேகிப்பது இந்த ஹோஸைத்தான்.

உள் தேய்மானத்தையும் இதே ஹோஸ் காட்டிக்கொடுக்கும். ஒயிலை வேலைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை விட்டு, பெரிய ஹோஸ்களைக் கழற்றாமல் மோட்டரை மட்டும் ரீலிலிருந்து விடுவியுங்கள், சுற்றுகிற ரீலுக்குப் பக்கத்தில் நின்று இந்த வேலை செய்யவே கூடாது. பிறகு ஒயில் வெளியேறும் பக்கத்து ஹோஸை மட்டும் கழற்றி, இடையில் வால்வுள்ள டெஸ்டரைப் (ஒயிலின் அழுத்தம் காட்டும் கருவி) போட்டு, எஞ்ஜினை ஓடவிட்டு, மெனுவல் சொல்லும் அழுத்தம் வரும்வரை வால்வை மெல்ல இறுக்குங்கள், முழுக்க மூடிவிடாதீர்கள். அப்போது கேஸ் டிரெய்னில் 15 வினாடி வருகிற ஒயிலை அளவுக் கோப்பையில் பிடித்து நாலால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். எவ்வளவு வரலாம் என்பது அந்தந்த மொடலின் மெனுவலில் இருக்கும். மெசினிலுள்ள எல்லா மோட்டரையும் அளந்து ஒப்பிடுங்கள், தனியாக அதிகம் காட்டுவதுதான் கழற்ற வேண்டியது.

கழற்றுவதற்கு முன் ரீல்களைத் தரையில் இறக்கி, எஞ்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, லீவர்களை அசைத்து அழுத்தத்தை விடுங்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே வேண்டாம், கார்ட்போட் மட்டை பிடித்துப் பாருங்கள். அழுத்தத்தில் பீச்சுகிற ஒயில் தோலைத் துளைத்துவிடும், வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே இழக்குமளவு உள்ளே சேதம் நடக்கும். அப்படி ஏதும் நடந்தால் வலிக்கவில்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ரோலிக் ஒயில் உள்ளே போனது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

போர்ட்களை அடைத்துவிட்டு வெளிப்புறத்தை மண்ணெண்ணெயால் நன்றாகக் கழுவுங்கள். முன் பிளாஞ்ச் (மெசினில் பொருத்தும் முகப்பு), பொடி (கியர்கள் இருக்கும் நடுக் கூடு), பின் மூடி மூன்றின் குறுக்காகவும் ஒரு சாய்வுக் கோடு போடுங்கள், திரும்பப் பூட்டும்போது அதுதான் வழிகாட்டி. ஷாப்டில் இருக்கிற கப்ளிங்கைப் புல்லர் போட்டு இழுங்கள், சுத்தியலால் அடித்தால் அடி உள்ளே கியர் வரை போகும். வைஸில் பிடிப்பது பிளாஞ்சை, பொடியை அல்ல. போல்ட்களைக் கழற்றியும் பிரியவில்லையென்றால் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள், ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அந்தக் கீறல் வழியாகவே நாளைக்குக் கசியும். ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போது போனில் படம் எடுங்கள், முக்கியமாக புஷ் பிளேட் (கியர்களின் பக்கத்தில் ஷாப்டைத் தாங்கும் தட்டு) எந்தப் பக்கம் பார்க்கிறது, '3' என்ற எண் வடிவிலுள்ள சீல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை.

இனி பார்ப்பது. பொடியின் உட்சுவரில் கியர் பல் உரசிய தடம் இருக்கும். பம்பில் இந்தத் தடம் ஒயில் நுழைகிற பக்கம், மோட்டரிலோ வெளியேறுகிற பக்கம், ஏனென்றால் அழுத்தம் கியர்களை எப்போதும் அழுத்தம் குறைந்த பக்கத்துக்கே தள்ளும். பிளேட் தீட்ட ரீலைப் பின்னோக்கிச் சுற்றுவதால் எதிர்ப் பக்கமும் லேசாகப் பளபளக்கலாம், அது பரவாயில்லை. தடத்தின் விளிம்பில் நகம் சிக்கினால் அந்தப் பொடிக்குக் கிட் வாங்குவது வீண்செலவு, முழு மோட்டரையே மாற்றுங்கள். கியர் ஷாப்ட் நீலம் பாரித்திருந்தால் ஒயிலில்லாமல் ஓடியிருக்கிறது. பல்லில் உடைவோ ஷாப்டில் சீல் உட்காரும் இடத்தில் பள்ளமோ இருந்தால் கியர் இரண்டையும் சோடியாகவே மாற்றவேண்டும், ஒன்று புதிது ஒன்று பழையது சரிவராது. புஷ் பிளேட்டின் முகத்தில் வட்டக் கீறல்கள் இருந்தால் அது அழுக்கு ஒயிலின் வேலை, அப்போது டாங்கியையும் ஹோஸ்களையும் கழுவாமல் புது மோட்டர் போட்டாலும் நிற்காது.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அளவு சொன்னால் ஓ-ரிங்கும் ஒயில் சீலும் வாங்கிவிடலாம்தான். ஆனால் ஷாப்ட் சீலில் இதைச் செய்யாதீர்கள். சாதாரண ஒயில் சீல் ஏறக்குறைய அரை பார் அழுத்தம்தான் தாங்கும், மோட்டரில் இருப்பது அதைவிடக் கூடுதலாகத் தாங்குகிற வகை, வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. 3 வடிவ சீலும் அதன் பின்வளையமும் கிட்டோடுதான் வரும், அதனால் மெசினின் மொடல் எண்ணைக் கொடுத்து கிட்டையே வரவழையுங்கள், காத்திருந்தாலும் பரவாயில்லை.

பூட்டும்போது சுத்தம்தான் எல்லாம். கொட்டன் வேஸ்டால் துடைக்கவேண்டாம், நூல் உதிரும், காற்றடித்துக் காயவிடுங்கள். எல்லாவற்றிலும் சுத்தமான ஹைட்ரோலிக் ஒயில் தடவி, சீல் விழாமல் நிற்க வஸ்லின் கொஞ்சம் பூசுங்கள். ஷாப்ட் சீலின் உதடு உட்பக்கம் பார்க்கவேண்டும், ஷாப்டிலுள்ள சாவிப் பள்ளத்தின் (கப்ளிங்கின் கீ உட்காரும் வெட்டு) கூர்மை அதைக் கிழிக்காமல் ஷாப்டில் டேப் சுற்றிவிட்டுப் போடுங்கள். கோடுகளைப் பொருத்தி, போல்ட்களை எதிரெதிராக, மெனுவல் சொல்லும் டோர்க்கில் இறுக்குங்கள். அப்புறம் ஷாப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், சீரான சிறு இறுக்கம் இருக்கலாம், எங்காவது பிடித்தால் சீல் நசுங்கியிருக்கிறது, திரும்பக் கழற்றுங்கள்.

மெசினில் ஏற்றும்போது போர்ட் வழியாகப் புது ஒயில் ஊற்றி, கையால் சுற்றி நிரப்பிவிட்டு ஹோஸ்களை மாட்டுங்கள், பில்டரும் புதிதாகவே இருக்கட்டும். எஞ்ஜினை மெதுவான வேகத்தில் லோட் இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டு, காற்று போனதும் டாங்கியில் ஒயில் மட்டம் பாருங்கள். சூடானதும் அதே 15 வினாடி சோதனையைத் திரும்பச் செய்து, வந்த அளவைத் திகதியோடு மெசினின் புத்தகத்தில் எழுதிவையுங்கள், அடுத்த மழைக்குப் பிறகு அளக்கும்போது ஒப்பிட அது தேவைப்படும்.